குமட்டலுக்கு எந்த மாத்திரை, யாருக்கு எது ஆகாது?

மருந்துக்கடையில் நின்று "வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒண்டான்செட்ரான். எமிசெட், ஒண்டெம், வோமிகைண்ட் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான். சில நேரம் டோம்ஸ்டால் (டோம்பெரிடோன்) தருவார்கள், சில நேரம் பெரிநார்ம் (மெட்டோகுளோபிரமைடு). வயதானவருக்குத் தலைசுற்றலோடு வாந்தி என்றால் ஸ்டெமெட்டில். எல்லாமே வாந்தி மாத்திரைதானே என்று ஒரே டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் வாந்தியைத் தடுக்கிற வழி வேறு, தருகிற தொந்தரவும் வேறு.

"எது பவர் அதிகம்?" என்று கேட்பதில் பயன் இல்லை. குமட்டல் எங்கிருந்து கிளம்புகிறது, மாத்திரையைச் சாப்பிடப்போகிறவர் யார் என்று இரண்டு கேள்வி கேட்டாலே தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இதை எழுதுவது முக்கியமாக அதற்காகத்தான்.

மூளையின் அடித்தண்டில், முகுளத்தில், வாந்தியை நடத்தும் நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதற்குப் பல பக்கமிருந்தும் தகவல் போகிறது. கிருமியோ கெட்டுப்போன சாப்பாடோ குடலைத் தாக்கினால் குடல் சுவரின் செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடும், வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மேலே கொண்டுபோகும். வண்டி ஆடும்போது உட்காதிலிருந்து கிளம்பும் செய்திக்கு ஹிஸ்டமின், அசிடைல்கோலின் என்ற வேறு இரண்டு வேதிப்பொருள்கள் வேண்டும். ரத்தத்தில் கலந்த மருந்தையோ நச்சையோ மோப்பம் பிடிக்க முகுளத்தின் ஓரத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. மூளையின் மற்ற இடங்களைக் காக்கும் ரத்தத் தடுப்பு அங்கே இல்லை. அங்கே டோபமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. இவை போக, பயமும் நாற்றமும் பழைய ஞாபகமும் மேல் மூளையிலிருந்தே குமட்டலைக் கிளப்பும். இந்த வழிகளில் எதை அடைக்கிறது என்பதுதான் ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. கிளம்புமுன் பிள்ளைகளுக்கு எமிசெட் கொடுத்துக் கூட்டிப்போகிறவர்கள் நிறைய. பத்தாவது வளைவிலேயே பிள்ளை வாந்தி எடுத்தால் மாத்திரை டூப்ளிகேட்டோ என்று சந்தேகப்படுகிறார்கள். மாத்திரையில் குறை இல்லை. ஒண்டான்செட்ரான் அடைப்பது செரட்டோனின் வழியை, பயண வாந்தி வருவது காது வழியாக. அங்கே அது உதவாது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பயணத்துக்கு வேண்டியது பழைய ஒவ்வாமை மாத்திரைகளின் குடும்பம்: அவோமின் என்று விற்கும் புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், சின்னாரிசின்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தொந்தரவு தூக்கம். புரோமெத்தசின் அதிகம் சொக்க வைக்கும், அடுத்த நாள் காலை வரைக்கும்கூட மந்தமாக இருக்கும். சின்னாரிசின் அந்த அளவுக்கு இல்லை. வண்டி ஓட்டப்போகிறவர் இரண்டையுமே தொடக்கூடாது, மதுவோடு சேர்த்தால் இன்னும் மோசம். புரோமெத்தசின் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது, மூச்சு அடங்கிப் போகிற ஆபத்து உண்டு. புராஸ்டேட் வீக்கமோ, ஒரு வகை கண் நீர் அழுத்தமோ உள்ள பெரியவர்களுக்கும் இவை ஆகாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண் அழுத்தம் ஏறலாம், சிலருக்கு புத்தி தடுமாறும்.

நேரமும் முக்கியம். சின்னாரிசினைப் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், அவோமினை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு அல்லது நீண்ட பயணமென்றால் முந்தின இரவு. குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிறு அதை உள்ளே எடுத்துக்கொள்வதே கஷ்டம். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் பட்டை மூன்று நாளைக்குப் பயண வாந்தியைத் தடுக்கும். அந்த மருந்துக்கு ஹையோசின் என்றும் பெயர். அந்தப் பெயரைப் பார்த்து வீட்டிலிருக்கும் பஸ்கோபானை எடுத்துப் பயன் இல்லை. அதிலிருக்கும் ஹையோசின் வேறு உப்பு, மூளைக்குள் போகாது, வயிற்றுப் பிடிப்புக்குத்தான் ஆகும்.

சரி, வயிறு கெட்டு வரும் வாந்திக்கு எது? இங்கே ஒண்டான்செட்ரானுக்குத்தான் என் ஓட்டு. அமெரிக்காவில் 1991இல் புற்றுநோய் மருந்து தரும் வாந்திக்காக அனுமதி பெற்ற மருந்து இது. இன்று குழந்தைகளின் வயிற்றுப்போக்கு வாந்தியில் அதிகம் பயன்படுகிறது. ஒரே ஒரு வேளை கொடுத்தால் போதும், வாந்தி குறையும், ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்கும், ட்ரிப் ஏற்றும் தேவை குறையும். அதற்கு மேல் அடுத்தடுத்து கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை, பேதி கொஞ்சம் கூடலாம். குழந்தையைக் காப்பாற்றுவது ஓ.ஆர்.எஸ்.தான், மாத்திரை அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவே. வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து, டீஸ்பூன் டீஸ்பூனாக ஆரம்பிக்க வேண்டும். மருந்தின் அளவை வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஒண்டான்செட்ரானின் தொந்தரவுகள் பெரும்பாலும் லேசானவை. தலைவலி வரும், மலச்சிக்கல் வரும். சொக்க வைக்காது, கை கால் நடுக்கம் தராது. அதனால்தான் முதல் தேர்வாகிறது. ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தில் கியூ.டி. என்று ஈ.சி.ஜி.யில் அளக்கும் இடைவெளியை இது நீட்டக்கூடும். அது அளவு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. நரம்பு வழியாக ஒரே தடவையில் 32 மில்லிகிராம் செலுத்தும் முறையை 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொன்னது இதனால்தான். 16 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றக்கூடாது என்பது இப்போதைய வரம்பு. நல்ல இதயம் உள்ளவர் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடுவதில் பயப்பட எதுவும் இல்லை. ஏற்கெனவே இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோ மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோபிராமோ எடுப்பவர், இரண்டு மூன்று நாளாக வாந்தியும் பேதியுமாகப் பொட்டாசியம் இறங்கிப் போனவர், இவர்கள் யோசிக்க வேண்டும். வாந்தி நிற்காதவருக்குத்தான் இந்த மருந்து அடுத்தடுத்து கொடுக்கப்படுகிறது, அவருக்குத்தான் பொட்டாசியமும் குறைந்திருக்கும். கவனம் வேண்டிய இடம் அது.

டோம்பெரிடோனும் மெட்டோகுளோபிரமைடும்

இரண்டும் டோபமினைத் தடுப்பவை, இரண்டும் இரைப்பையைச் சுறுசுறுப்பாக்கிச் சாப்பாட்டைக் கீழே தள்ளுபவை. சாப்பிட்டது அப்படியே நெஞ்சில் நிற்கிற மாதிரி இருக்கிறது, வயிறு உப்பி ஓங்கரிக்கிறது, ஒற்றைத் தலைவலியோடு வாந்தி வருகிறது என்றால் இவற்றுக்குத்தான் வேலை. இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம், மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் போகிறது, டோம்பெரிடோன் பெரும்பாலும் போவதில்லை.

மூளைக்குள் போவதன் விலை என்ன? பெரிநார்ம் ஊசி போட்ட சில மணி நேரத்திலோ மறுநாளோ, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண்கள் மேலே செருகிக்கொண்டு இறங்காது. தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இளம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது அதிகம் வருகிறது. பார்க்கிற வீட்டார் ஃபிட்ஸ் என்று நினைக்கிறார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு. ஒரு புரோமெத்தசின் ஊசியில் கொஞ்ச நேரத்திலேயே முழுக்கச் சரியாகிவிடுகிற விஷயம் இது. மருந்தின் பெயரை யாராவது சொன்னால் போதும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஸ்கேன் வரை போய் அவதிப்படும். இதைப் படிப்பவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பேன்.

கழுத்து திருகாமலேயே இன்னொன்றும் வரலாம். உட்கார முடியாது, படுக்க முடியாது, எழுந்து ஓடிவிடலாம் போல ஒரு தவிப்பு. ஊசியை வேகமாக ஏற்றினால் அதிகம் வரும், மெதுவாக ஏற்றினால் குறையும். நீண்ட நாள் எடுப்பவருக்கோ வாயும் முகமும் தாமாக அசைந்துகொண்டே இருக்கும் ஒரு கோளாறு வருகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் அது போகாமல் இருக்கலாம். அமெரிக்காவில் 2009இல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டார்கள், 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013இல் இன்னும் இறுக்கி, ஐந்து நாளுக்கு மேல் கூடாது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது என்றது. பார்க்கின்சன் நோயாளிக்கும் இது ஆகாது. அவருக்குக் குமட்டல் என்றால் டோம்பெரிடோன்தான் சரி.

அப்படியானால் டோம்பெரிடோன் எல்லோருக்கும் பாதுகாப்பா? அதன் ஆபத்து இதயத்தில். நரம்பு வழி ஊசியாக இருந்தபோது இதயம் நின்று மரணங்கள் நேர்ந்து, 1980களில் ஊசி வடிவமே திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மாத்திரைக்கு இன்றுவரை அனுமதி இல்லை. ஐரோப்பாவில் 2014இல் வைத்த வரம்பு: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதுவும் வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதய நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இந்த வரம்பை நம் ஊர்ப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். 'கேஸ் மாத்திரை' என்று காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே, பான்-டி மாதிரியான கேப்சூல், அதில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் 40 மில்லிகிராமோடு மெல்ல மெல்ல வெளியாகும் டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது ஒரு நாளின் உச்ச அளவு முழுவதும். அதை ஒரு வாரத்துக்கு அல்ல, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! சர்க்கரை, பிரஷர், இதயம் என்று ஏற்கெனவே நாலு மாத்திரை போடும் பெரியவர்கள்தான் இதையும் போடுகிறார்கள். பான்டபிரசோல் மாதிரியான மருந்தை நீண்ட காலம் எடுத்தால் ரத்தத்தில் மக்னீசியம் குறையலாம், அது குறைந்தால் துடிப்புக் கோளாறுக்கு வழி இன்னும் திறக்கும். இதற்கு மேல் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலோ சேர்ந்தால் கல்லீரல் டோம்பெரிடோனைக் கழிப்பது தடைப்பட்டு ரத்தத்தில் அதன் அளவு ஏறும். வயிற்றுப் புண் கிருமிக்குக் கிளாரித்ரோமைசின் தருவது சகஜம். அந்த வாரத்தில் பழைய கேஸ் கேப்சூலும் உள்ளே போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கு மட்டும்தான் மாத்திரை என்றால் 'டி' இல்லாத வெறும் பான்டபிரசோலே போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

டோம்பெரிடோனால், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறும். பிரசவமாகாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவது, மாதவிடாய் தள்ளிப்போவது, ஆணுக்கு மார்பு வீங்குவது எல்லாம் அதனால் வரலாம். மெட்டோகுளோபிரமைடும் இதைச் செய்யும். மாத்திரையை நிறுத்தினால் தணிந்துவிடும், ஆனால் காரணம் தெரியாமல் எத்தனையோ டெஸ்ட் எடுப்பவர்கள் உண்டு.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதயம் நன்றாக இருக்கும் இளம் வயதினருக்கு மூன்று நாலு நாளைக்கு டோம்பெரிடோன் என்பேன். மெட்டோகுளோபிரமைடை மருத்துவமனையில், ஊசியாக, பக்கத்தில் பார்க்க ஆள் இருக்கும்போது விடலாம். ஒற்றைத் தலைவலி தாங்காமல் வந்தவருக்கு அது அருமையாகக் கேட்கும் மருந்து. வீட்டு டப்பாவில் அது இருக்க வேண்டியதில்லை. குடல் அடைப்பு என்ற சந்தேகம் இருந்தால் இரண்டுமே கூடாது.

ஸ்டெமெட்டில், அதாவது புரோகுளோர்பெரசின், இதே டோபமின் வகை. தலை கிறுகிறுத்து வாந்தி வரும்போது இரண்டு மூன்று நாளைக்கு நன்றாக உதவும். தப்பு நடப்பது அதை நிறுத்தாமல் விடுவதில். தலைசுற்றல் என்று எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் வாங்கிப் போடும் பெரியவர்களுக்கு நடை தளர்ந்து, கை நடுங்கி, முகம் இறுகிப் போகும். பார்க்கின்சன் என்று பெயர் வைத்து அதற்கு வேறு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஸ்டெமெட்டிலை நிறுத்தினாலே பலருக்கு அது இறங்கும், வாரங்கள் பிடிக்கும். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் மாத்திரைப் பையில் அது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மசக்கை

இங்கே எல்லோருக்கும் பயம் அதிகம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. கையும் காலும் வளராமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகு 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த நிழல் டாக்சிலமினும் வைட்டமின் பி6உம் சேர்ந்த நல்லதொரு மாத்திரையின் மேலும் விழுந்தது. அமெரிக்காவில் 1956 முதல் பென்டெக்டின் என்ற பெயரில் விற்ற அந்த மாத்திரையை, வழக்குகள் குவிந்ததால் 1983இல் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. குழந்தைக்குக் கெடுதல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. முப்பது வருடம் கழித்து 2013இல் அதே சேர்க்கை அங்கே மறுபடி அனுமதி பெற்றது. நம் ஊரில் டாக்சினேட் என்று மகப்பேறு மருத்துவர்கள் எழுதித் தருவது இதைத்தான். பக்கவிளைவு தூக்கம். அதனால் இரவு படுக்கும்போது போடச் சொல்வார்கள், காலைக் குமட்டலுக்கு அதுவே தோதாகவும் அமைகிறது.

இதில் கேட்காதபோதுதான் ஒண்டான்செட்ரான். முதல் மூன்று மாதத்தில் எடுத்தவர்களைப் பற்றிய பெரிய அமெரிக்க ஆய்வு 2018இல் வந்தது. பத்தாயிரம் பிரசவத்துக்கு மூன்று என்ற கணக்கில் உதடு, அண்ணப் பிளவு கூடுதலாகக் காணப்பட்டது. அடுத்த வருடம் ஐரோப்பிய அமைப்பு முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கச் சொன்னது. தண்ணீர்கூடத் தங்காமல் எடை இறங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்தச் சிறிய ஆபத்தை விட வாந்தியே பெரிய ஆபத்து என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. தாயைப் பட்டினி போட்டுக் குழந்தையைக் காப்பாற்ற முடியாது. கருவிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் மசக்கைக்கு முக்கியக் காரணம் என்று 2023இல் தெளிவாகியிருக்கிறது. ஆகவே "எல்லாம் மனசுதான், நாங்களெல்லாம் பெத்துக்கலையா" என்று மாமியாரோ அம்மாவோ சொல்வதை அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாரக்கணக்கில் வாந்தி எடுத்த கர்ப்பிணிக்கு "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்கிறோம். வைட்டமின் பி1, தயமின், கொடுக்காமல் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். தயமின் போட்டார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கீமோதெரபி எடுப்பவர்களின் கதை வேறு. அங்கே ஒரு மாத்திரை போதாது, எல்லா வழியையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற கடும் மருந்துக்கு நாலு மருந்து சேர்த்துத் தருகிறார்கள். ஒண்டான்செட்ரான் அல்லது பலோனோசெட்ரான், அதோடு டெக்சாமெத்தசோன், அப்ரெபிட்டன்ட், ஓலன்சபின். டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், அதனால் காலையிலேயே போட்டுவிடுவது நல்லது. அப்ரெபிட்டன்ட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஓலன்சபின் மனநோய்க்கான மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டு பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம். வாந்தி எடுக்காவிட்டாலும் விடாமல் தொடரும் அந்தக் குமட்டலுக்கு இதைப் போல் கேட்கிற மருந்து குறைவு. 10 மில்லிகிராம் நாள் முழுக்கச் சொக்க வைக்கிறது என்பதுதான் குறையாக இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2.5 மில்லிகிராமோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, சின்ன அளவும் அதே அளவுக்குக் காக்கிறது, சொக்கல் குறைவு என்று 2024இல் வெளியிட்டது. அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க இது நல்ல ஆதாரம்.

எந்த வாந்தி மாத்திரையும் போடக்கூடாத வாந்தியும் உண்டு. பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பச்சைக் குழந்தை, தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த வாந்தி, வயிறு கல்லாக இறுகி வலிப்பது, ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வருவது, சர்க்கரை நோயாளிக்கு வாந்தியோடு மூச்சிரைப்பது, ஐம்பதைத் தாண்டியவருக்கு வாந்தியும் வியர்வையும் நெஞ்சு அடைப்பும் சேர்ந்து வருவது. இவற்றில் மாத்திரை நோயை மறைக்கத்தான் செய்யும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே ஊசி போட்டிருந்தால் சீட்டையும் சேர்த்து.